காணும் என்றால் காணாது

வதனி தன் அம்மாவின் தட்டை எடுக்கக் கை நீட்டினாள். நான் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேசை, மதியச் சாப்பாட்டு நேரம். நடுவில் சொதிச் சட்டி, அதன் பக்கத்தில் கத்தரிக்காய்ப் பால்கறி, சிவப்பரிசிச் சோறு, பொரித்த மோர்மிளகாய். கீழே கடற்கரை ரயில் போனதில் டம்ளர்கள் மெல்ல அதிர்ந்தன. வதனி ரொறன்ரோவிலிருந்து வந்து இறங்கிப் பயணக் களைப்புக்கூடத் தீரவில்லை. அவளுடைய அம்மா ஒரு அகப்பைச் சோறு சாப்பிட்டுவிட்டு, "எனக்குக் காணும்" என்றார். பிள்ளை தட்டை எடுக்கப் போனாள். அவ்வளவுதான் நடந்தது.

"என்ன அன்ரி?" என்றாள் திடுக்கிட்டு.

"கீழ வை அத," என்றேன்.

கோபம் வந்தால் எனக்குக் கொட்டாஞ்சேனைத் தமிழ்தான் வரும். பிறந்த இடம் அது. இவரைக் கட்டிக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்து தலை நரைத்த பிறகும், சண்டை என்றால் நாக்கு தானாகக் கொட்டாஞ்சேனைக்குப் போய்விடும்.

போன கிழமை இந்தப் பத்தியில் எங்கள் தொடர்மாடியின் லிப்டைப் பற்றி எழுதியதற்கு இரண்டு வீட்டுக்காரர் இன்னும் என்னோடு கதைப்பதில்லை. இந்தக் கிழமை சாப்பாடு. இதற்கும் யாராவது முகத்தைத் திருப்பினால் திருப்பட்டும், நடந்ததைத்தானே எழுதுகிறேன்.

எதைக் காணும்?

அந்தக் கையைப் பிடித்த காரணத்தைச் சொல்வதற்கு, முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் அப்பாவின் குடும்பம் இந்தியாவிலிருந்து வியாபாரத்துக்கு வந்தது. புறக்கோட்டையில் கடை, கொட்டாஞ்சேனையில் வீடு. எங்கள் வீட்டில் "காணும்" என்றால் ஒரு பொருள் தொலைந்துவிட்டது என்று அர்த்தம். "சாவியக் காணும்", "அப்பா கண்ணாடியக் காணும்" என்று காலையிலிருந்து யாராவது கத்திக்கொண்டே இருப்பார்கள்.

கல்யாணமாகி வந்த புதிதில், இவருடைய சித்தப்பா ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தார். நான் இடியப்பம் வைக்கப் போனேன். அவர் இலேசாகக் கையைத் தூக்கி, "காணும் பிள்ளை" என்றார். நான் தட்டத்தைக் கீழே வைத்துவிட்டு, மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன்.

"எதக் காணும் சித்தப்பா?" என்று கேட்டேன். மனிதருக்குச் சிரிப்பில் புரைக்கேறிவிட்டது. இவர் தலையில் அடித்துக்கொண்டு, "இஞ்சாரும், காணும் எண்டால் போதும் எண்டு அர்த்தம்" என்றார்.

அன்றோடு அந்தச் சொல்லைப் படித்துவிட்டேன் என்று நினைத்தேன். போதும் என்றால் காணும், போதாது என்றால் காணாது. இதில் இன்னும் படிக்க என்ன இருக்கிறது என்றுதான் இத்தனை வருடமும் இருந்துவிட்டேன்.

மேலிருந்து வந்த ரீச்சர்

சரசு ரீச்சர் எங்களுக்கு மேல்மாடியில் இருக்கிறார். இவரைப் போல யாழ்ப்பாணத்து ஆள், எண்பதைத் தாண்டியவர். கணக்குப் படிப்பித்தவர், இப்போதும் குரலில் வகுப்பறை இருக்கும். ஒரே மகள் வதனி கனடாவில்.

ஒருநாள் ரீச்சர் தேநீர் போட காஸைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்து, முன்னறையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். படியேறிப் போன யாரோ மணத்தைப் பிடித்துக் கதவைத் தட்டியதால் தப்பினோம், அந்த மாடியில் இருந்த எல்லோருமே. வதனி தொலைபேசியில் அழுதாள். "அம்மா மத்தியானம் எங்களோட சாப்பிடட்டும், நீ கவலப்படாத" என்றேன். எங்கள் மேசையில் ஏற்கெனவே பாதம் அண்ணை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சிவபாதம் என்று பெயர், இரத்மலானையில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியராக இருந்தவர், மனைவி போன பிறகு தனி ஆள். காது சரியாகக் கேட்காது. பசி மட்டும் நன்றாகக் கேட்கும்.

வயதானவர்களுக்குச் சமைப்பது என்றால் உப்பைக் குறை, உறைப்பைக் குறை, எண்ணெயைக் குறை என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். எல்லாவற்றையும் குறைத்துவிட்டு, அவர்கள் சாப்பிடவில்லை என்று கவலைப்படுவார்கள். நான் வேறு மாதிரிப் பார்த்தேன். உப்பைக் குறைக்கிற இடத்தில் தேசிக்காய் பிழிவேன், புளிப்பு நாக்கை எழுப்பிவிடும். மிளகாயைக் குறைக்கிற இடத்தில் மிளகும் சீரகமும். கறிவேப்பிலை தாளிக்கும்போது வாசல் கதவைத் திறந்து வைப்பேன். மணம் படியேறிப் போய் ரீச்சரைக் கூட்டிக்கொண்டு வரும்.

ரீச்சருக்குக் கண்ணில் புரை. வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு, அதற்கு மேல் வெள்ளைச் சொதி என்று வைத்தால் அவருக்குத் தட்டில் எதுவுமே தெரியாது. சிவப்பரிசிக்கு மாறினேன், நீலத் தட்டு வாங்கினேன். சந்தையில் மீன்காரரிடம் "மல்லி, கட்டு நெத்தி மாலு தென்ன" என்று சிங்களத்தில் முள் இல்லாத மீனாகக் கேட்டு வாங்கினேன். புட்டு தொண்டையில் அடைக்கும், அதனால் சொதியில் ஊறவைத்துத்தான் தருவேன். இப்படி மெனக்கெட்டும் ரீச்சர் மெலிந்துகொண்டு போனார்.

மெலிந்த கை

ரீச்சருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. கிளினிக்கில் சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற ஒரு இளம் பிள்ளை, நல்ல பிள்ளை, ஒருவேளைக்கு எவ்வளவு சோறு, எவ்வளவு மரக்கறி என்று படம் போட்டுக் காட்டி அனுப்பியது. நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். அளந்த சோற்றைக் குசினியிலேயே தட்டில் போட்டு, ஹோட்டல் மாதிரி மேசைக்குக் கொண்டுவந்து வைப்பேன். ரீச்சருக்குக் கூடிவிடக் கூடாது என்று அந்த அளவிலும் முதலில் கொஞ்சம் குறைத்துத்தான் போடுவேன். மிச்சம் சட்டியில் இருக்கும், வேண்டுமென்றால் கேட்பார்தானே.

ரீச்சர் தட்டைத் துடைத்தது போலச் சாப்பிடுவார். "இன்னும் வேணுமா ரீச்சர்?" என்று கேட்பேன்.

"காணும் பிள்ளை."

தட்டை எடுத்துவிடுவேன். பாதம் அண்ணை இந்தச் சங்கடம் எதுவும் இல்லாமல், "தங்கச்சி, எனக்கு இன்னும் கொஞ்சம்" என்று தட்டை நீட்டுவார்.

மேலே போனால் இரவுக்கு ரீச்சர் இரண்டு பிஸ்கட்டும் தேநீரும்தான். சட்டையின் கை தொளதொளவென்று தொங்கியது. வளையல் முழங்கை வரைக்கும் ஓடியது. கிளினிக்கில் இரத்தம் எல்லாம் பார்த்துவிட்டு, வேறு வருத்தம் இல்லை, சாப்பாடுதான் போதவில்லை என்றார்கள்.

எனக்கு வந்ததே ஆத்திரம். என் மேசையில் சாப்பிடுகிற ஆளுக்குச் சாப்பாடு போதவில்லையாம். சமையல்தான் பிடிக்கவில்லை போல என்று நினைத்து, தெரிந்த வித்தை எல்லாம் காட்டினேன். வெந்தயக் குழம்பு, முருங்கையிலை வறை, ரசம் என்று மாற்றி மாற்றி வைத்தேன். ஒருநாள் யாரோ சொன்னதைக் கேட்டு மரக்கறியை மிக்சியில் அடித்துக் களியாகக் கொண்டுபோய் வைத்தேன்.

ரீச்சர் தட்டைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். "இது ஆருக்கு?"

"உங்களுக்குத்தான் ரீச்சர்."

"எனக்குப் பல் இருக்குப் பிள்ளை. கடையில வாங்கின பல்தான், எண்டாலும் பல்தானே."

வீடியோவில் அம்மாவின் முகத்தைப் பார்த்து வதனி பயந்துவிட்டாள். அம்மாவை இனித் தனியே விட முடியாது என்று முடிவெடுத்து, களனிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் சொல்லிவைத்தாள். நல்ல இடம்தானாம், தோட்டம் இருக்காம், தாதிமார் இருக்கினமாம். லீவு எடுத்துக்கொண்டு வந்து தானே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னாள்.

"அம்மா என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"அம்மா ஓம் எண்டுதான் சொன்னவா, அன்ரி."

நான் நம்பினேன். ரீச்சரும் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. மேல்மாடியில் பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டிக்குள் வைக்கிற சத்தம் மட்டும் கேட்கும். என்னால் ஒரு மனுஷிக்கு ஒழுங்காகச் சோறு போட முடியாமல் போய், அதனால் அவருக்கு வீடு இல்லாமல் போகிறதே என்று மனம் அடித்துக்கொண்டது.

பந்தியில் பார்த்தது

அந்த நாட்களில்தான் எங்கள் மாடியில் ஒரு வீட்டில் திவசம் வந்தது. கீழ்த்தள மண்டபத்தில் நீள மேசை போட்டு வாழையிலை விரித்தார்கள். இப்போதெல்லாம் யாரும் பந்தி வைப்பதில்லை, வரிசையில் நின்று நாமே அள்ளிக்கொள்ள வேண்டும். அந்த வீட்டுக்காரர் பழைய பிடிவாதக்காரர். எனக்கு நேர் எதிரே ரீச்சர் இருந்தார்.

சோற்றுச் சட்டியோடு அவர்களுடைய சொந்தக்காரர் ஒருவர் வந்தார். நல்ல பருமன், தோளில் துவாய், முகமெல்லாம் வியர்வை. முதல் தரம் போட்டதை ரீச்சர் சாப்பிட்டு முடித்திருந்தார்.

"அம்மா, இன்னும் ஒரு அகப்பை."

"காணும் தம்பி."

மனிதர் நகரவில்லை. "கொஞ்சம் அம்மா. சாம்பாருக்குச் சோறு காணாது."

"காணும், காணும்." ரீச்சர் இலைக்கு மேலே கையை விரித்துப் பிடித்தார்.

அந்த மனிதர் ரீச்சருடைய முகத்தைப் பார்க்கவே இல்லை, கையைத்தான் பார்த்தார். விரல்களுக்கு நடுவே நன்றாக இடைவெளி இருந்தது. அகப்பையைக் கவிழ்த்தார். சோறு விழுவதற்கு ஒரு கணம் முன்பு ரீச்சருடைய கை விலகியது. அந்த வேகத்தைப் பார்த்து நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். போட்ட சோறு முழுவதையும் ரீச்சர் குழைத்துச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு ரசத்துக்கும் இதே நாடகம். ரசத்துக்கும் சோறு விழுந்தது, அதுவும் உள்ளே போனது.

கடைசியில் பாயாசம் வந்தது. ரீச்சர் சீனி வருத்தக்காரி. இரண்டு கையையும் சேர்த்து இலையை மூடினார். விரல்கள் ஒட்டியிருந்தன. வாயிலிருந்து "காணும்" என்று ஒரே ஒரு தரம்தான் வந்தது. பாயாசம் கொண்டுவந்தவர் நிற்காமல் அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

நான் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் இவரிடம் கேட்டேன். "உங்க ஆக்கள் காணும்னு சொன்னா, அது காணுமா காணாதா?"

இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "அது எப்பிடிச் சொல்லுறது? முதல் தரம் சொல்லுறது மரியாதைக்கு. ரெண்டாந்தரம் கொஞ்சம் போடலாம் எண்டு. கை மூடினால்தான் உண்மையில காணும்."

"இத ஏங்க இத்தன வருசமா எங்கிட்ட சொல்லல?"

"நீர் கேக்கேல்லையே. நான் காணும் எண்டாலும் நீர் கொட்டுறனீர், காணாது எண்டாலும் கொட்டுறனீர்."

உண்மைதான். இவருக்கு நான் கேட்டுப் போட்டதே கிடையாது. ரீச்சர் வெளியாள், படித்த மனுஷி என்று மரியாதையாக ஒரு தரம் கேட்டேன், பதிலை மரியாதையாக எடுத்துக்கொண்டேன். எங்கள் கடைக்காரக் குடும்பத்தில் பேரம் எல்லாம் கடையோடு சரி. சாப்பாட்டு மேசையில் போதுமா என்றால் போதும், வேணுமா என்றால் வேணும். ரீச்சர் வளர்ந்த வீட்டிலோ "வேணும்" என்று வாய்விட்டுச் சொல்வது பெரிய மரியாதைக் குறைவு. போடுகிறவர்தான் வற்புறுத்த வேண்டும், சாப்பிடுகிறவர் தடுத்துத் தடுத்துத் தோற்க வேண்டும். நான் அவரைத் தோற்க விடாமல் தினமும் பட்டினி போட்டிருக்கிறேன்.

அகப்பை மேசைக்கு வந்தது

அடுத்த நாள் குசினியில் தட்டில் போடுவதை நிறுத்தினேன். சட்டிகள் எல்லாம் மேசைக்கு வந்தன. சீனி வருத்தத்தை மறந்துவிட முடியாதே. கிளினிக்கில் சொன்ன அளவை மூன்றாகப் பிரித்துக்கொண்டேன். முதலில் ஒரு சின்ன அகப்பை, பார்த்தாலே போதாது என்று தெரிய வேண்டும். பிறகு பக்கத்தில் நின்று வற்புறுத்த இரண்டு அகப்பை. மரக்கறிக்கு அளவு கிடையாது, அதை எத்தனை தரம் வேண்டுமென்றாலும் தள்ளலாம்.

முதல் நாள் எனக்கே வெட்கமாக இருந்தது. "கொஞ்சம் ரீச்சர்" என்றேன், நாடகத்தில் வசனம் மறந்தவள் போல.

"காணும் பிள்ளை."

"கத்தரிக்காய் மிஞ்சிப் போயிடும் ரீச்சர்."

"காணும், காணும்." கை விரிந்தது. நான் இடைவெளியைப் பார்த்துக் கவிழ்த்தேன். ரீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்தார். சோற்றைக் கறியோடு பிசைய ஆரம்பித்தார். வாயின் ஓரத்தில் ஒரு சிரிப்பு இருந்தது, பிழை விட்டுக்கொண்டிருந்த பிள்ளை கடைசியில் கணக்கைச் சரியாகச் செய்துவிட்டது என்கிற மாதிரி. எனக்கு அப்பாடா என்று இருந்தது.

அதே அரிசி, அதே கறி, அதே சொதிதான். சட்டையின் கை மெல்ல மெல்ல நிரம்பியது. வளையல் மணிக்கட்டுப் பக்கம் திரும்பி வந்தது. கிளினிக் பிள்ளை என்ன செய்தீர்கள் என்று கேட்டது. வற்புறுத்தினேன் என்றேன். அது நான் ஏதோ பகிடி விடுகிறேன் என்று நினைத்தது.

ஆனால் வதனி டிக்கெட் எடுத்துவிட்டாள். இல்லத்தில் அறையும் தயார்.

எத்தனை தரம் கேட்டாய்?

அப்படி வந்தவளுடைய மணிக்கட்டைத்தான் அன்றைக்குப் பிடித்தேன்.

அவளைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனேன். "அம்மா காணும்னு சொன்னா ஒடனே தட்ட எடுத்துடுவியா?"

"அவா காணும் எண்டவா அன்ரி. பிறகென்ன?"

"களனிக்குப் போறதப் பத்தி அம்மாகிட்ட எத்தன தரம் கேட்ட?"

"ஒருக்காத்தான். ஓம் எண்டவா." அவளுடைய கண் நிறைந்துவிட்டது. "எனக்கு மட்டும் விருப்பமே அன்ரி? அம்மா தனிய இருக்கிறா எண்டு நினைச்சால் எனக்கு அங்க நித்திரையே இல்லை. விழுந்து கிடந்தால் ஆர் பாக்கிறது?"

அவளும் பாவம்தான். அவ்வளவு நேரமும் அவள் மேல் இருந்த கோபம் எனக்கு வடிந்துவிட்டது. "விழுந்தா கீழ நாங்க இருக்கோம், சத்தம் கேக்கும். அது பெறகு. நீ போய் அம்மாகிட்ட திரும்பக் கேளு. மூணு தரம் கேளு. வாயப் பாக்காத, கையப் பாரு."

அவளுக்கு விளங்கவில்லை. திவசத்தில் பார்த்ததைச் சொன்னேன். சின்ன வயதில் கனடாவுக்குப் போன பிள்ளை. அங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த நான் படித்ததை அவளால் படிக்க முடியாதா என்ன.

மேசைக்கு வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, களனியில போய் இருக்க உங்களுக்கு விருப்பமோ?"

"எனக்கென்ன பிள்ளை. உனக்கு எது வசதியோ அதைச் செய்." ரீச்சருடைய கை மேசையில் கிடந்தது. விரல்கள் விரிந்து ஒரு சோற்றுப் பருக்கையைத் தள்ளிக்கொண்டிருந்தன.

வதனி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

"என்ரை வசதியை விடுங்கோ அம்மா. உங்களுக்கு விருப்பமோ?"

"எங்க இருந்தாலும் எனக்கு ஒண்டுதான்." குரல் கொஞ்சம் கம்மியது. பருக்கையைத் தள்ளிய விரல் நின்றுவிட்டது.

"அம்மா, நீங்கள் ஓம் எண்டால் ஓம், இல்லை எண்டால் இல்லை. நான் கோவிக்க மாட்டன். விருப்பமோ?"

ரீச்சர் மகளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு இரண்டு கையையும் கொண்டுவந்து நீலத் தட்டின் மேல் வைத்தார். விரல்கள் ஒட்டியிருந்தன.

"எனக்கு இங்க இருக்கிறதே காணும்," என்றார்.

இவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நடந்தது எதுவும் காதில் விழாத பாதம் அண்ணை தட்டை நீட்டி, "தங்கச்சி, எனக்கு இன்னும் கொஞ்சம்" என்றார். நான் அகப்பையை எடுத்து அவருக்குச் சோறு போட்டேன்.

வதனி நான்காம் தரம் கேட்கவில்லை.